பக்கத்தில் பைலிங் வேலை... உங்கள் கடைச் சுவரில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு? தாம்பரம் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கட்டுமான வேலை நடக்கிறது. மாதவரம் – சோழிங்கநல்லூர் இடையே சுமார் 47 கி.மீ. நீளும் மெட்ரோ 5-வது வழித்தடம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகள் வழியாகத் தூண்களின் மேல் வருகிறது. 3-வது வழித்தடம் ஓஎம்ஆர் வழியாக சிறுசேரி சிப்காட் வரை போகிறது. விமான நிலையத்தில் இருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக கிளாம்பாக்கத்துக்கு 15.46 கி.மீ. தூரத்துக்கு, 13 நிலையங்களுடன் இன்னொரு மெட்ரோ பாதை திட்டமிடப்பட்டுள்ளது. இது தவிர, பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடியும் வணிக வளாகமும் கட்டும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது.

இந்த வேலைகளுக்கு நடுவில்தான் மருந்துக் கடை, நகைக் கடை, ஸ்கேன் சென்டர், ஹோட்டல், டியூஷன் சென்டர், ஐடி அலுவலகம் எல்லாம் இயங்குகின்றன. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பிரேக்கர் சத்தம். மதியம் ரேக்கில் இருக்கும் பாட்டில்கள் கலகலக்கின்றன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஜன்னல் ஓரத்தில் ஒரு விரிசல். காண்ட்ராக்டரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "அது ஏற்கெனவே இருந்த விரிசல் சார்."

அந்த ஒரு வரிக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் விஷயமே. சத்தத்துக்கு என்ன சட்டம், அதிர்வுக்கு என்ன அளவு, காப்பீடு எப்போது உதவும், யாரிடம் புகார் கொடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

* வேலை தொடங்கும் முன் உங்கள் கட்டிடத்தின் நிலையைப் பதிவு செய்யாவிட்டால், பின்னர் இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.
* கட்டுமான இயந்திரங்களுக்கான இரவுத் தடை குடியிருப்புப் பகுதிகளுக்கும் அமைதி மண்டலங்களுக்கும்தான். வணிகப் பகுதிக்கு அந்தத் தடை நேரடியாகப் பொருந்தாது.
* கண்ணுக்குத் தெரியும் எல்லா விரிசலும் அதிர்வால் வருவதில்லை. பள்ளம் தோண்டுவதும் நிலத்தடி நீரை இறைப்பதும் அதைவிடப் பெரிய ஆபத்து.
* உங்கள் கடையின் தீ விபத்துக் காப்பீடு பெரும்பாலும் இந்த இழப்புக்குப் பணம் தராது.

சத்தம் வேற, அதிர்வு வேற

இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்து வந்தாலும் பாதை வேறு. சத்தம் காற்று வழியாக வந்து காதைத் தாக்குகிறது. அதிர்வு மண் வழியாக வந்து அஸ்திவாரத்தைத் தொடுகிறது. அதனால்தான் கண்ணாடிக் கதவை மூடினால் சத்தம் குறைகிறது, ஆனால் மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்குவது நிற்பதில்லை.

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். இது சாதாரணக் கூட்டல் கணக்கு கிடையாது. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். 15 மீட்டரில் 90 டெசிபல் தரும் பாறை உடைக்கும் பிரேக்கர், 30 மீட்டரில் 84 ஆகிறது. அதுவும் ஒரு கடைக்கு மிக அதிகம்தான்.

அதிர்வை, மண்ணோ சுவரோ ஒரு விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்று அளக்கிறார்கள். இதன் உச்ச அளவைப் பொறியாளர்கள் 'பிபிவி' என்பார்கள். மனித உடல் இதில் ரொம்ப நுட்பமானது. விநாடிக்கு 0.3 மி.மீ. அளவிலேயே வீட்டுக்குள் இருப்பவர் அதை உணர்ந்துவிடுவார் என்கிறது பிரிட்டனின் கட்டுமானத் தர ஆவணம். 1 மி.மீ. வந்தால் புகார்கள் வரும், ஆனால் முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. 10 மி.மீ. அளவை யாராலும் தாங்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் உணரும் அதிர்வுக்கும் சுவரை உடைக்கும் அதிர்வுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. உடம்புக்கு "கட்டிடமே ஆடுது" என்று தோன்றும் அளவு, பல நேரம் நல்ல நிலையில் உள்ள சுவரை ஒன்றும் செய்யாது. ஆனால் கட்டிடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் தொழிலுக்கு ஆகலாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்புக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை, விநாடிக்கு 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. நுண்ணிய தராசு, ஸ்கேன் கருவி வைத்திருப்பவர்கள் விரிசலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவர்களின் பாதிப்பு முன்பே தொடங்கிவிடும்.

எந்த மெஷின் எவ்வளவு குலுக்கும்?

அமெரிக்காவின் பொதுப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட கையேட்டில், 25 அடி தூரத்தில் சராசரியாக வரும் அதிர்வு அளவுகள் இருக்கின்றன. மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால்:

* சுத்தியல் போல அடித்து இறக்கும் பைல்: சுமார் 16
* அதிரும் ரோடு ரோலர்: சுமார் 5.3
* துளையிட்டுப் போடும் பைல், பாறை உடைக்கும் பிரேக்கர்: சுமார் 2.3
* சுமை ஏற்றிய லாரி: சுமார் 1.9
* கையில் பிடித்து உடைக்கும் ஜாக்ஹாமர்: சுமார் 0.9

மெட்ரோ தூண்களுக்கு இங்கே பெரும்பாலும் துளையிட்டுக் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றும் முறைதான் பயன்படுகிறது. பார்க்க ராட்சசன் போல நிற்கும் அந்த ரிக், பழைய காலத்து அடிக்கும் பைலைவிட ஏழில் ஒரு பங்கு அதிர்வைத்தான் தருகிறது. ஆனால் யாரும் பயப்படாத ரோடு ரோலர் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் குலுக்குகிறது.

அடுத்தது தூரம். அதே கையேட்டின் கணக்குப்படி 50 அடி தள்ளிப் போனால் அதிர்வு சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 100 அடியில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் 10 அடிக்கு நெருங்கினால் நான்கு மடங்கு கூடும். அதாவது கடை வாசலில் இருந்து 10 அடியில் ரோலர் ஓடினால் விநாடிக்கு 20 மி.மீ. தாண்ட வாய்ப்பு உண்டு. சாலையை ஒட்டி, செட்பேக்கே இல்லாமல் கட்டியிருக்கும் பழைய கடைகளுக்கு சர்வீஸ் ரோடு போடும் நாள்தான் பைலிங் நாளைவிட முக்கியமான நாள்.

பல்லாவரத்தில் பாறை, பள்ளிக்கரணையில் களிமண்

தென்சென்னைப் புறநகரில் ஒரே மாதிரியான மண் இல்லை. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், வண்டலூர் பக்கம் கடினமான கருங்கல் பாறை மேலேயே கிடைக்கும். உலகப் புவியியல் பாடப் புத்தகங்களில் உள்ள 'சார்னோகைட்' என்ற பாறைக்கு ஆதாரமே இந்தப் பகுதிதான். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார்.

கிழக்கே போனால் கதை தலைகீழ். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் சதுப்பு நிலமும் களிமண்ணும் மணலும்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது.

இதனால் என்ன வித்தியாசம்? பாறைப் பகுதியில் அஸ்திவாரம் தோண்டவே பிரேக்கர் வேண்டும். நாள் கணக்கில், சில இடத்தில் வாரக் கணக்கில் 'டக டக' சத்தம். அங்கே முதல் பிரச்சினை சத்தம். பாறை வழியாக வரும் அதிர்வு வேகமான துடிப்பாக இருக்கும், அதைக் கட்டிடங்கள் ஓரளவு தாங்கும்.

களிமண்ணில் அதிர்வு மெதுவான அசைவாக, விநாடிக்கு 10 தடவைக்கும் குறைவான துடிப்பில் வரலாம். இரண்டு, மூன்று மாடிக் கட்டிடங்களின் இயல்பான ஆட்டமும் ஏறக்குறைய அதே வீச்சில்தான் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் கூடுவது போல, இங்கே சின்ன அதிர்வும் மேல் மாடியில் பெரிதாகத் தெரியும். கூடவே, களிமண்ணில் தண்ணீர் வெளியேறினால் மண்ணே அமுங்கும்.

அதிர்வே இல்லாமலும் விரிசல் வரும்

பக்கத்து மனையில் பேஸ்மென்ட்டுக்காக 20 அடி, 30 அடி தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அஸ்திவாரத்துக்குப் பக்கபலமாக இருந்த மண் போய்விடுகிறது. பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். தண்ணீரோடு நுண்ணிய மணலும் போகிறது. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஆனால் கட்டிடத்தின் ஒரு பக்கம் மெல்ல இறங்குகிறது.

பெரிய விபத்துகள் பலவற்றில் மண் நழுவியதே முக்கியக் காரணம். 2017 ஏப்ரல் 9-ம் தேதி சென்னை அண்ணா சாலையில் ஜெமினி அருகே மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. கொல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் 31-ம் தேதி, நகைப் பட்டறைகளும் நகைக் கடைகளும் நிறைந்த பௌபஜார் பகுதியில் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய, மேலே கட்டிடங்கள் விரிந்தன, சில இடிந்தன, நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2022 மே மாதம் அதே பகுதியில் மறுபடியும் விரிசல் வந்தது.

தாம்பரம், மேடவாக்கம் பகுதியில் வரும் மெட்ரோ தூண்கள் மேல் போவதால், சுரங்கம் போன்ற ஆபத்து இங்கே இல்லை. ஆனால் பக்கத்து மனையின் பேஸ்மென்ட் பள்ளத்துக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

விரிசலைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கலாம்?

* பூச்சில் மட்டும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்: பெரும்பாலும் சிமென்ட் பூச்சு காய்ந்ததால் வந்தது. பயம் வேண்டாம்.
* தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடு: பெரும்பாலும் வெயில், குளிர் மாற்றத்தால் வருவது.
* ஜன்னல், கதவு மூலையில் இருந்து சாய்வாக ஓடி, மேலே போகப் போக அகலமாகும் விரிசல்: அஸ்திவாரத்தின் ஒரு பகுதி இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.
* நேற்று வரை சரியாக இருந்த ஷட்டரோ கதவோ திடீரென இறுகுவது, தரையில் டைல்ஸ் மேலெழும்புவது: இதுவும் அசைவின் அறிகுறி.

அகலமும் முக்கியம். 1 மி.மீ.க்குக் குறைந்தால் மிக லேசானது. 5 மி.மீ. வரை லேசானது. 5 முதல் 15 மி.மீ. நடுத்தரம். 15-க்கு மேல் தீவிரம். ஆனால் ஒரு நாள் அளவைவிட, அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு ஸ்கேலை வைத்து வாரம் ஒரு முறை போட்டோ எடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

சத்தத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் இந்தியா முழுவதும் பொருந்தும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல், மீதி நேரம் இரவு. அனுமதிக்கப்பட்ட அளவு டெசிபலில்:

* தொழிற்சாலைப் பகுதி: பகல் 75, இரவு 70
* வணிகப் பகுதி: பகல் 65, இரவு 55
* குடியிருப்புப் பகுதி: பகல் 55, இரவு 45
* அமைதி மண்டலம்: பகல் 50, இரவு 40

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகலாம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை, தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்றவை இருக்கும் இடங்களில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்த அளவு ஒரு நொடியில் வரும் உச்ச சத்தத்துக்கானது இல்லை. ஒரு நேர அளவுக்குள் வரும் சத்தத்தின் சராசரிக்கானது. இந்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் யார் வேண்டுமானாலும் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்கிறது விதி. அப்படியென்றால் வணிகப் பகுதியில் பகலில் 75 டெசிபல்தான் உங்கள் புகாருக்கான கோடு.

இப்போது ஓட்டைக்கு வருவோம். 2010-ல் செய்த திருத்தத்தின்படி, சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இரவில் இயக்கக் கூடாது. ஆனால் எங்கே? குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் மட்டும். வணிகப் பகுதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கடைத்தெருவில் இரவு 11 மணிக்கு வேலை நடந்தால், "இரவில் மெஷினே ஓட்டக் கூடாது" என்று நேரடியாகச் சொல்ல முடியாது. "55 டெசிபலைத் தாண்டுகிறது" என்று காட்ட வேண்டும். அதனால் உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிஎம்டிஏவின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் இருந்து தொடங்கலாம். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் தெருக்களில் இந்தக் கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கும்.

ஒரு கடைக்காரர் பார்வையில் இரவு வேலை நல்லதாகவும் இருக்கலாம். பகல் வியாபாரம் தப்பிக்கும். 24 மணி நேர மருத்துவமனைக்கும் லாட்ஜுக்கும் அப்படி இல்லை. எனவே தெருவில் உள்ள எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த நேரம் வேண்டும், எந்த நேரம் வேண்டாம் என்று ஒரே கோரிக்கையாகக் கொடுப்பதுதான் பலன் தரும்.

அதிர்வுக்கு எல்லை இருக்கிறதா?

சுரங்கம், குவாரிகளில் வெடி வைக்கும்போது அருகில் உள்ள கட்டிடங்களுக்கான அதிர்வு எல்லையை சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-ல் சுற்றறிக்கையாக வெளியிட்டது. வீடுகளுக்கு, மெதுவான துடிப்பு என்றால் விநாடிக்கு 5 மி.மீ. தொழிற்கூடக் கட்டிடங்களுக்கு 10 மி.மீ. ஆனால் அது வெடிக்கானது. பைலிங், ரோலர் போன்ற கட்டுமான வேலைகளில் பொறியாளர்கள் பரவலாக எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரம். அஸ்திவாரத்தில், மெதுவான துடிப்புக்கு அதன் வழிகாட்டு அளவுகள்:

* வணிக, தொழிற்கூடக் கட்டிடங்கள்: 20 மி.மீ.
* வீடுகள்: 5 மி.மீ.
* பாரம்பரிய, நலிந்த கட்டிடங்கள்: 3 மி.மீ.

இங்கேதான் தாம்பரம் வியாபாரிகள் உஷாராக இருக்க வேண்டும். கடை என்று போர்டு மாட்டியிருப்பதால் உங்கள் கட்டிடம் 'வணிகக் கட்டிடம்' ஆகிவிடாது. மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பல கடைகள் ஒரு காலத்தில் வீடாக இருந்தவை. கான்கிரீட் தூண், பீம் இல்லாமல் செங்கல் சுவரே பாரத்தைத் தாங்கும் கட்டிடங்கள். அவற்றுக்குப் பொருந்துவது 20 அல்ல, 5. ரொம்பப் பழையது என்றால் 3. காண்ட்ராக்டர் "வணிகக் கட்டிட அளவுக்குள்தான் இருக்கு" என்று அறிக்கை காட்டினால், முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "என் கட்டிடத்தை எந்த வகையில் போட்டீர்கள்?"

வேலை தொடங்கும் முன்: உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்

'ஏற்கெனவே இருந்த விரிசல்' என்ற பதிலை உடைக்க ஒரே வழி, வேலைக்கு முந்தைய கட்டிட நிலை ஆய்வு. பெரிய திட்டங்களில் காண்ட்ராக்டரே இதைச் செய்வது வழக்கம். ஆனால் அந்த அறிக்கையின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. சின்னத் திட்டங்களில் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

* ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், மேற்கூரை, தரை, படிக்கட்டு, சன்ஷேடு, மொட்டை மாடி என வரிசையாக வீடியோவும் போட்டோவும் எடுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசலையும் மறைக்காமல் எடுங்கள். பழையதை ஒப்புக்கொண்டால்தான் புதியதை நம்புவார்கள்.
* ஷோகேஸ், ரேக் நிறைந்த சுவர்களை விட்டுவிடாதீர்கள். சரக்கை நகர்த்தி எடுக்க வேண்டும்.
* தேதி தெரியும்படி எடுத்து, அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியே ஒரு சாட்சி.
* முடிந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய கட்டிடம் என்றால் தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி, ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் நிபுணத்துவத்தை நாடலாம்.
* கட்டிட உரிமையாளர் வேறு, கடை நடத்துபவர் வேறு என்றால் இருவரும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். சுவர் இழப்பு உரிமையாளருக்கு. சரக்கு, வியாபார இழப்பு வாடகைதாரருக்கு. இரண்டும் தனித்தனிக் கோரிக்கை.
* வியாபார இழப்பைக் கேட்பதாக இருந்தால், வேலைக்கு முந்தைய 12 மாத விற்பனைக் கணக்கை எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் விவரமே போதுமான தொடக்கம்.

காண்ட்ராக்டரிடம் என்னென்ன கேட்கலாம்?

சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்:

* பைல் அடித்து இறக்குகிறீர்களா, துளையிட்டா? பாறையை பிரேக்கரால் உடைப்பதற்குப் பதில், துளையில் ஊற்றினால் விரிந்து பாறையைப் பிளக்கும் ரசாயனக் கலவையோ, வைரக் கம்பி அறுப்போ பயன்படுத்த முடியுமா?
* பள்ளம் தோண்டும் முன் பக்கச் சுவருக்குத் தடுப்புப் பைல் போட்டாகிவிட்டதா? தண்ணீர் இறைத்தால் என் பக்கம் நிலத்தடி நீர் மட்டத்தைக் கண்காணிக்கிறீர்களா?
* அதிர்வு மானி எங்கே வைத்திருக்கிறீர்கள்? எந்த அளவு வந்தால் எச்சரிக்கை, எந்த அளவு வந்தால் வேலை நிறுத்தம்? பதிவை எனக்குக் காட்டுவீர்களா?
* ஜெனரேட்டருக்கு ஒலித் தடுப்புப் பெட்டி இருக்கிறதா? சாலையில் போட்ட இரும்புத் தகடுகளை வண்டி ஏறும்போது அடிக்காதபடி இறுக்கியிருக்கிறீர்களா?
* அதிகச் சத்தம் வரும் வேலைக்கு முதல் நாளே தகவல் தருவீர்களா? சைட்டில் பேச வேண்டிய ஆள் யார்?

தகரத் தடுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைத்தால்தான் ஒலி குறையும், அப்போதும் சுமார் 5 டெசிபலில் இருந்துதான் தொடக்கம். தரைத்தளக் கடைக்கு இது உதவும். முதல் மாடி கிளினிக்கில் இருந்து பார்த்தால் பிரேக்கர் தெரிகிறது என்றால், அந்தத் தடுப்பால் அவர்களுக்குப் பலன் இல்லை.

காப்பீடு கைகொடுக்குமா?

பல வியாபாரிகள் "என்கிட்ட ஃபயர் இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். வழக்கமான தீ விபத்துக் காப்பீட்டில் நிலம் உள்வாங்குதலுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கட்டுமானம், இடிப்பு, பள்ளம் தோண்டுதல் ஆகியவற்றால் நிலம் உள்வாங்கினால் அதற்குப் பணம் இல்லை என்று அதிலேயே விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியை இன்றே படித்துவிடுங்கள்.

காண்ட்ராக்டர் பக்கம் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்ற பாலிசி இருக்கும். அதில் மூன்றாம் நபர் இழப்புக்கும் இடம் உண்டு. ஆனால் அதிர்வாலும் மண் ஆதரவு போனதாலும் வரும் சேதத்துக்குத் தனிச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். உலக அளவில் பரவலாக உள்ள அந்தச் சேர்க்கையின் மாதிரி வாசகத்தில் மூன்று நிபந்தனைகள் முக்கியம். வேலைக்கு முன் அந்தக் கட்டிடம் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும். ஆபத்தில் உள்ள கட்டிடங்களின் நிலை குறித்து முன்கூட்டியே அறிக்கை தயாரித்திருக்க வேண்டும். கட்டிடத்தின் உறுதியையோ உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பையோ பாதிக்காத மேலோட்டமான சேதத்துக்குப் பணம் கிடையாது.

மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம். முன்கூட்டிய அறிக்கை இல்லையென்றால் காப்பீட்டுப் பணமும் இல்லை. மெல்லிய விரிசல்களுக்குக் காப்பீடு இல்லை என்பதால், பூச்சு வேலையும் பெயின்ட்டும் காண்ட்ராக்டர் செலவில் செய்து தர வேண்டும் என்று தனியாக எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

யாரிடம் புகார் கொடுப்பது?

சத்தத்துக்கு: மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது டிஎஸ்பி பதவிக்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரி. தாம்பரத்துக்கு 2022 ஜனவரி முதல் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. சத்தத்தை அளக்கும்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுக்கலாம். செல்போன் ஆப் காட்டும் அளவு உங்கள் தகவலுக்கு மட்டும்தான். அதையே ஆதாரமாக நம்பி இருக்க வேண்டாம்.

கட்டிடத்துக்கு: அனுமதி கொடுத்த அமைப்பு, அதாவது தாம்பரம் மாநகராட்சி அல்லது சிஎம்டிஏ. 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டுமானப் பரப்பு உள்ள திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அந்த அனுமதியில் உள்ள நிபந்தனைகளை வாங்கிப் படித்தால் உங்கள் மனுவுக்கு பலம் சேரும்.

உடனடி ஆபத்து என்றால்: சுவர் சாய்கிறது, தூணில் விரிசல் என்றால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். பிறகு காவல்துறை, தீயணைப்புத் துறை. பொதுத் தொல்லையையும் ஆபத்தான நிலையையும் நீக்க உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவின்படி நிர்வாக நடுவர்களுக்கு உண்டு.

நீதிமன்றம்: பக்கத்து நிலம் நம் நிலத்துக்குத் தரும் ஆதரவு ஓர் உரிமை என்று 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது இயற்கையான நிலையில் உள்ள நிலத்துக்கு. மேலே கட்டிடம் இருந்தால், 20 ஆண்டுகள் தடையில்லாமல் அந்த ஆதரவை அனுபவித்திருப்பது முக்கியமாகிறது. பழைய கட்டிட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு தேதி எல்லாம் இங்கே உதவும்.

தனியார் கட்டுமானம் என்றால் தடை உத்தரவு கேட்கலாம். மெட்ரோ, மேம்பாலம் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடை உத்தரவுக்கு 2018-ல் திருத்தப்பட்ட தனிநிலைத் தீர்வுச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே வேலையை நிறுத்துவது அல்ல, இழப்பீடும் பாதுகாப்பு ஏற்பாடும்தான் வழி. இழப்பீட்டு வழக்குகளில் சில வகைகளுக்குக் கால வரம்பு ஒரே ஆண்டுதான். அதனால் "வேலை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். விரிசல் தெரிந்த வாரமே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

ஜிஎஸ்டி சாலையிலோ, மேடவாக்கம் பகுதியிலோ, வேலை வரப்போகும் எந்தத் தெருவிலோ கடை வைத்திருக்கிறீர்களா? இன்று கடையை மூடிய பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லா விளக்கையும் போட்டு, வாசலில் தொடங்கி மொட்டை மாடி வரை போனில் வீடியோ எடுங்கள். எடுத்ததை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பக்கத்துக் கடைக்காரரையும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் பைல் இறங்கிய பிறகு இதே வீடியோவை எடுத்தால் அதற்குப் பாதி மதிப்புகூட இருக்காது.